ஐந்து டோல்கேட், ஆறு அத்தியாயம்: காரில் கதை சொல்ல ஒரு பாட்டுத் திரட்டு

நான் தயாரித்த முதல் பாட்டுத் திரட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வருவதற்குள் செத்துப்போனது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர்தான். எல்லாம் எனக்குப் பிடித்த திரைப்பாடல்கள். முதல் பாட்டுக்குக் கணவர் கூடவே பாடத் தொடங்கினார். இரண்டாவது பாட்டில் மாமியார் "இது எந்தப் படம்?" என்று கேட்டார். மூன்றாவதில் பின் இருக்கைப் பிள்ளைகள் இருவரும் இயர்போனைச் செருகிக்கொண்டார்கள். கதையில் ஒரு ராஜா குதிரையில் ஏறியிருந்தார். இன்றுவரை அவர் இறங்கவில்லை.

ஒவ்வோர் ஈஸ்டருக்கும் நாங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குப் போகிறோம். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில். மறுநாள் விடியற்காலை என்3 நெடுஞ்சாலை. ஏறக்குறைய 570 கிலோமீட்டர். நின்று நிதானித்துப் போனால் ஏழு மணி நேரம். வண்டியில் ஐந்து பேர்: ஓட்டுகிற கணவர், நான், பதினான்கு வயது மகள், பத்து வயது மகன், பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடும் என் மாமியார். நான் பாளையங்கோட்டைக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். மாமியார் இங்கேயே பிறந்தவர். அவரிடம் தமிழ் தாலாட்டிலும் அடுப்படியிலும் மிச்சமிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வாயில் வரும். இந்த ஐந்து பேரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் விளையாட்டு.

விதிகள் கொஞ்சம்தான். ஓர் இசைத்துண்டு ஒலிக்கும் நேரம் ஒருவருடைய முறை. துண்டு முடிந்தால் அவர் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் கடைசி வாக்கியம் தமிழில் இருக்க வேண்டும், அடுத்தவர் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் தந்திரமாகச் சேர்த்தேன் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் பழகிவிட்டார்கள்.

இனி திரட்டு. முதலில் கருப்பொருள். 'சோகம்', 'காதல்', 'வீரம்' என்று தொடங்காதீர்கள். உணர்ச்சியைக் கருவாக வைத்தால் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள்; யாராவது சாவார்கள், யாராவது அழுவார்கள். கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளையோ கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் இடத்தையோ எடுங்கள். எங்கள் வீட்டில் நன்றாக ஓடியவை: தொலைந்த சாவி, கிணற்றுக்குள் கேட்ட குரல், அடகுக்கடை, கப்பல். கப்பல் வந்ததற்குக் காரணம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்ற கதை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்த கப்பல் என்பதால் பயமில்லாமல் ஏறினார்கள். என் மகன் அதில் ஒரு கிளியை ஏற்றினான். கிளிக்கு யார் யார் எவ்வளவு கடன் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள் என்ற கணக்கு முழுவதும் மனப்பாடம். மூன்று பயணம் ஆயிற்று, அந்தக் கிளி இன்னும் சாகவில்லை.

பொருள் முடிவானதும் இசையைத் தேடுங்கள். இங்கே என்னுடைய ஒரே பிடிவாதம்: எல்லோருக்கும் வரி தெரிந்த பாட்டு கூடாது. வரி தெரிந்தால் வாய் பாடப் போய்விடும், அந்தப் பாட்டின் படமும் காட்சியும் கண்முன் வந்து கதையை உதைத்துத் தள்ளிவிடும். வாத்திய இசை நல்லது. புரியாத மொழிப் பாட்டும் நல்லது. தெரிந்த மெட்டைத் தெரியாத வாத்தியத்தில் வாசித்திருந்தால் அது பாதி நல்லது. கணவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

வாத்தியத்திலும் காருக்கு ஆகும், ஆகாது என்று உண்டு. வீட்டில் வீணையைக் கேட்டு உருகி அதைச் சேர்த்தேன். மணிக்கு 120 கிலோமீட்டரில் சக்கரத்தின் உறுமலுக்கு அடியில் வீணை காணாமல் போய்விட்டது. அவ்வப்போது ஒரு கமகம் மட்டும் கொசுபோல் வந்து போனது. நாகசுரம், புல்லாங்குழல், வயலின், உடுக்கை, தவில், பறை: இவையெல்லாம் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். தவிலை மட்டும் நீளமாக வைக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்குமேல் தனித்தவில் போனால் ஓட்டுகிறவரின் கால் தன்னால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வரிசையைச் சாலை தீர்மானிக்கட்டும். டர்பனிலிருந்து போகும்போது நெடுஞ்சாலையின் குறுக்கே ஐந்து டோல்கேட்டுகள்: மரியன்ஹில், மூயி ரிவர், துகேலா, வில்கே, டி ஹூக். அவற்றால் சாலை ஆறு துண்டாகிறது. அதனால் என் கதைக்கு ஆறு அத்தியாயம், திரட்டிலும் ஆறு பகுதி. டோல்கேட்டில் வண்டி நிற்கும், கண்ணாடி இறங்கும், சில்லறை தேடுவோம். இயல்பாகவே ஒரு மூச்சு கிடைக்கிறது. அத்தியாயம் அங்கே முறிந்தால் யாருக்கும் கோபம் வராது. பகுதிகளைச் சமமாக வெட்டாதீர்கள், சாலையே சமமாக இல்லை. மரியன்ஹில் வரை கால் மணி நேரம்தான். துகேலாவிலிருந்து வில்கே வரை நீண்டுகொண்டே போகும், நடுவில் கணவாய் வேறு.

முதல் பகுதிக்கு நான் எப்போதும் மல்லாரியை வைக்கிறேன். சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிப்பார்களே, கம்பீரநாட்டையில், அது. தெருவைவிட்டு வண்டி கிளம்பும்போது மல்லாரி ஒலித்தால், பின்னால் பூரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உற்சவமூர்த்தி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கதை சொல்ல அந்த நினைப்பு தேவை. இந்தப் பகுதியில் யாரும் கதை சொல்ல வேண்டாம்; ஆளுக்கு ஒரு பாத்திரத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

பாத்திரத்தை அறிமுகப்படுத்துவதற்கு இந்த மண்ணிலேயே ஒரு வடிவம் இருப்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மஸ்கந்தி என்ற ஜுலு கித்தார் இசை. பாட்டு தொடங்குமுன் கித்தார்காரர் விரல்களை ஒரு ஓட்டு ஓட்டி, சுருதியையும் தன் திறமையையும் ஒருசேரக் காட்டிவிடுவார். நடுவில் பாட்டை நிறுத்தி, மூச்சுவிடாத வேகத்தில் பேசுவார்: நான் இன்னார், இந்த ஊர், இன்னார் வழிவந்தவன் என்று. கேட்டதும் எனக்குக் கூத்தில் வரும் கட்டியங்காரன்தான் நினைவுக்கு வந்தான். (இங்கே தெருக்கூத்துக்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று ஒரு பெயர் உண்டு.) ஆகவே இரண்டாம் பகுதியின் முதல் துண்டு மஸ்கந்தி. அந்தப் பேச்சு தொடங்கும் நொடியில் முறைக்காரர் தன் பாத்திரத்தின் வாயால் பேச வேண்டும்: ஊர், தாய்மாமன் பெயர், செய்த ஒரு தப்பு. தாய்மாமனைக் கேட்பது என் சேர்க்கை. பெயர் சொன்னவுடனே அவருக்கு ஒரு குணமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

கணவாய்க்கு முன் லேடிஸ்மித் பெயர்ப்பலகை தெரியும். அந்தப் பக்கத்துக்கு இசிகாதமியா: வாத்தியமே இல்லாமல் ஆண்கள் கூட்டமாகத் தாழ்ந்த குரலில் பாடுவது. ஓசைப்படாமல் அடியெடுத்து வைப்பது என்ற பொருளிலிருந்து வந்த பெயர். நடுவில் வரும் எழுத்தை நாக்கைப் பல்லில் வைத்துச் சொடுக்கிச் சொல்ல வேண்டும். என் மகன் சொல்கிறான், எனக்கு இன்னும் வரவில்லை. இந்த இசையை உலகம் முழுவதும் கொண்டுபோன லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: அவர்களைத் தொடங்கிய ஜோசப் ஷபலாலாவின் ஊர், கருப்பு எருது, கோடாரி. மூன்று சொல். என் மகள் இந்த மூன்றையும் வைத்து ஒரு திருட்டு வழக்கு கட்டினாள். எருதைத் திருடியவன் ஊரைவிட்டு ஓசைப்படாமல் நடந்து போகிறான், பின்னணியில் அந்தக் குரல்கள். ஒரு குழுவின் பெயருக்கோ வாத்தியத்தின் பெயருக்கோ இப்படிப் பொருள் இருந்தால் அதை முன்கூட்டியே துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்ல வராமல் விழிக்கிறவரிடம் அதை நீட்டலாம்.

வான் ரீனன் கணவாய். இங்கே குவாசூலு-நேட்டால் முடிந்து ஃப்ரீ ஸ்டேட் தொடங்குகிறது. லாரிகள் ஊர்ந்து ஏறும், மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் இந்தப் பாதை பனியில் புதைந்து வண்டிகள் இரவெல்லாம் அப்படியே நின்றன. ஆகவே கணவாயில் ஓட்டுகிறவருக்கு முறை கிடையாது, அவரிடம் யாரும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கவும் கூடாது. திரட்டில் இந்த இடத்துக்கு ஒரே ஒரு துண்டு: ஒற்றை உடுக்கை, மெதுவான அடி, நான்கு நிமிடம். கதை சொல்லத் தேவையில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

போன ஈஸ்டரில் அந்த நான்கு நிமிடத்துக்குப் பிறகு ஆயாவின் முறை. நான் அடுத்ததாக நீலாம்பரியை வைத்திருந்தேன், குழலில். தாலாட்டு ராகம், பிள்ளைகள் தூங்கட்டும் என்ற எண்ணம்தான், வேறு நோக்கம் இல்லை. ஆயா கதையைத் தொடரவில்லை. கிளியைப் பார்த்து நேரடியாகக் கேட்டார்: "என் அப்பாவின் அம்மா யாரிடம் கடன் வாங்கினார் என்று உனக்குத் தெரியுமா?" மகன் கிளிக்குரலில், "தெரியும், சொல்ல மாட்டேன்" என்றான். அவனுடைய முறை இல்லை, விதி மீறல். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயா தன் கைப்பையைத் திறந்து ஒரு பாக்கை எடுத்து, கிளிக்கு என்று அவன் கையில் வைத்தார்.

கணவாய் தாண்டினால் சமவெளி, நேர்ச்சாலை, எல்லோருக்கும் கண் சொக்கும். துரத்தலுக்கு இதுதான் இடம். டர்பன் டவுன்ஷிப்களில் (கருப்பின மக்களின் புறநகர்க் குடியிருப்புகளில்) பிறந்த கோம் இசை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அடி எங்கே விழும் என்று எதிர்பார்க்கிறோமோ அங்கே விழாது. ஜொகன்னஸ்பர்க் நெருங்க நெருங்க அதைவிட நிதானமான அமாபியானோவுக்கு மாறுங்கள். அது அந்தப் பக்கத்து நகரங்களின் இசை. இந்த மாற்றத்தை என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் முகாரியை வைத்திருந்தேன்.

தொழில்நுட்பம் கொஞ்சம். ஒரு துண்டு இரண்டரை முதல் நான்கு நிமிடம். ஆலாபனைகளை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்: கடைசி ஐந்து நொடியில் ஒலி தேயும்படி செய்துவிட்டால், பேசுகிறவருக்கு முடிக்கும் நேரம் வந்தது தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பழைய கேசட்டிலிருந்து எடுத்தது கிசுகிசுக்கும், அடுத்து வரும் கோம் அடித்து எழுப்பும், நடுவில் ஆயா "மாரியாத்தா!" என்று அலறுவார். பாட்டுச் செயலியில் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். நமக்கு இடைவெளி வேண்டும்.

அந்த இடைவெளியில் முறை மாறுவதற்கு ஒரு மணி ஒலியைச் சேர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பூஜை மணியையே கைப்பேசியில் பதிவு செய்தேன். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் விட்டதும் அதில் விழுந்துவிட்டது. திரும்பப் பதிவு செய்தபோது பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. விசில் இல்லாத மணி செல்லாதாம்.

முழுவதையும் கைப்பேசியில் இறக்கி வையுங்கள், ஒரு நகலை யுஎஸ்பி குச்சியிலும் போடுங்கள். மலைப்பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. இயக்குவது முன் இருக்கையில் இருப்பவர் வேலை. ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

கடைசிப் பகுதி டி ஹூக் தாண்டி. மத்தியமாவதியில் ஒரு மங்களம் வையுங்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்கும் முடியப்போகிறது என்று எப்படியோ புரிந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக வெட்டாதீர்கள், ஏனென்றால் கதை அதற்குள் முடியாது. போன முறை லெனேசியாவில் கொழுந்தன் வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். மங்களத்தை மூன்றாவது தடவை போட்டாயிற்று. கிளி கடைசியில் கடன் கணக்கைச் சொல்லத் தொடங்கியிருந்தது. கொழுந்தன் வந்து கண்ணாடியைத் தட்டி, "அண்ணி, இறங்கவில்லையா?" என்றார். ஆயா கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, "இருடா, வட்டி பாக்கி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றினார்.