கம்மி பட்ஜெட்ல ஒரு ஆள் டென்ட் வாங்கும்போது பலபேர் பண்ற தப்புகள்

தனியா சைக்கிள்லயோ பைக்லயோ ஊர் சுத்தக் கிளம்புறவங்களும் சரி, ஹிமாச்சல் உத்தராகண்ட் பக்கம் ட்ரெக் போறவங்களும் சரி, டென்ட் வாங்கணும்னு வந்தா முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், எது வெயிட் கம்மி? அங்கயே தப்பு ஆரம்பிச்சுடுதுன்னு தான் நான் சொல்லுவேன். எங்க அடிக்கப் போறோம்னு முடிவு பண்ணாம கிராம் கணக்கை மட்டும் பாத்து வாங்குற டென்ட் எவ்ளோ சீப்பா கிடைச்சாலும் வீண் செலவு தான். நான் இங்க பேசுறது 5000 ரூபாய்ல இருந்து 15,000 ரூபாய்க்குள்ள முடிச்சுக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக, ஏன்னா அந்த விலையில ஒரு தடவை தப்பாப் போனா இன்னொண்ணு வாங்குறது ரொம்ப பேருக்கு முடியாது.

எங்க அடிக்கப் போறோம்ங்கிறது நம்ம ஊர்ல பெரிய விஷயம். தமிழ்நாட்டுல காட்டுக்குள்ள போய் நம்ம இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம். 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணியில நடந்த காட்டுத்தீக்கு அப்புறம் ட்ரெக்கிங் விதிகளை ரொம்ப இறுக்கிட்டாங்க, 2024ல வனத்துறை ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு ரூட்டுகளும் பெரும்பாலும் கைடோட பகல்ல போயிட்டு பகல்லயே இறங்கி வர்ற மாதிரி தான் இருக்கு. உத்தராகண்ட்லயும் 2018ல ஹைகோர்ட் புக்யால்னு சொல்ற மலைப் புல்வெளிகள்ல ராத்திரி தங்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அப்போ நடைமுறையில தனியா போற ஒருத்தர் டென்ட் அடிக்கிற இடம் எதுன்னு பாத்தா, பெட்ரோல் பங்க் ஓரம், தாபாவுக்குப் பின்னாடி, ஸ்கூல் வராண்டா, கோயில் மண்டபம், தெரிஞ்சவங்க தோட்டம், இல்லன்னா ஹிமாலயன் ட்ரெக்ல அனுமதிச்ச கேம்ப்சைட். இதுல பாதி இடத்துல தரை காங்க்ரீட்! டென்ட்டை இழுத்துக் கட்ட தரையில அடிக்கிற முளை, அதாவது பெக், இறங்காது.

இது ஏன் முக்கியம்னா, கம்மி விலையில ஒரு கிலோவுக்குக் கீழ வர்ற டென்ட் எல்லாமே அநேகமா ட்ரெக்கிங் போல் டென்ட் தான், அதாவது மலை ஏறும்போது கையில ஊனிக்கிற கம்பையே தூணா வெச்சு நிறுத்துறது. 3எஃப் யூஎல் லான்ஷன் 1 கிட்டத்தட்ட 900 சொச்சம் கிராம், நடுவுல ஒரு ட்ரெக்கிங் போலை நிறுத்தி சுத்தி பெக் அடிச்சு இழுத்துக் கட்டினா தான் நிக்கும். எக்ஸ்-மிட் 1ம் அப்படித்தான், அதுக்கு ரெண்டு போல் வேணும், விலையும் இந்த பட்ஜெட்டைத் தாண்டிரும். பெக் இறங்காத இடத்துல இது ரெண்டுமே வெறும் துணி மூட்டை. அதுலயும் சைக்கிள்ல போறவங்க கையில ட்ரெக்கிங் போலே இருக்காது, தனியா ஒரு போல் வாங்கி சுமக்கணும், அதோட வெயிட்டையும் காசையும் சேத்துப் பாத்தா மிச்சமானதா நினைச்சதுல பாதி காணாமப் போயிரும். கையில ஏற்கனவே ட்ரெக்கிங் போல் வெச்சிருக்கிற, மண்ணுலயும் புல்லுலயும் மட்டும் தங்கப் போற ஆளுக்கு அது நல்ல டென்ட், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ரோட்டு ஓரப் பயணிக்கு அது வேண்டாம்.

சரி, பெக் இல்லாமலே நிக்கும்னு ஃப்ரீஸ்டேண்டிங்னு போட்டிருக்கிறதை வாங்கலாம்னு போனா அங்கயும் கொஞ்சம் கவனிக்கணும். நேச்சர்ஹைக் கிளவுட் அப் 1 மாதிரி டென்ட்ல போல் ஒய் வடிவத்துல இருக்கும், தலைமாட்டுல ரெண்டு முனை தரையில ஊனும், கால்மாட்டுல நடுவுல ஒரே ஒரு முனை. அதனால டென்ட் நிக்கும், ஆனா கால்மாட்டு மூலை ரெண்டையும் இழுத்துக் கட்டலேன்னா துணி தொங்கி உங்க கால் மேல படுத்துக்கும். காங்க்ரீட்ல இதை சமாளிக்க முடியும், மூலையில இருக்கிற லூப்ல கயிறு கட்டி அதை ஒரு செங்கல்லயோ தண்ணி ரொப்பின பாட்டில்லயோ சைக்கிள் வீல்லயோ கட்டிட்டா போதும், ஆனா அதுக்கு கூடவே நாலஞ்சு மீட்டர் மெல்லிசு கயிறு எடுத்துட்டுப் போகணும்னு யாரும் சொல்றதில்ல. எதுவும் கட்டாம நிக்கணும்னா ரெண்டு போலும் குறுக்க போற பழைய டோம் வடிவம் தான், அது கொஞ்சம் கனம் கூட. எனக்கு ரோட்டு பயணத்துக்கு அந்தக் கனம் பரவாயில்லன்னு தான் தோணுது.

இப்ப வெயிட்டுக்கு வரேன். கடைக்காரங்க போடுற வெயிட் ரெண்டு விதம், மினிமம் வெயிட்னு ஒண்ணு, பேக்ட் வெயிட்னு ஒண்ணு. முதல்ல சொன்னதுல பெரும்பாலும் நம்ம படுக்கிற உள்கூடாரமான இன்னர், அது மேல போர்த்துற மழைத்துணியான ஃப்ளை, போல் மட்டும் தான் இருக்கும், பெக்கு, கயிறு, பை எதுவும் சேராது. ஒரு டென்ட்டோட மினிமத்தையும் இன்னொண்ணோட பேக்டையும் வெச்சு ஒப்பிட்டு முடிவு பண்றவங்க நிறைய, 200 கிராம் வித்தியாசம்னு நினைச்சு ரெண்டாயிரம் ரூபா கூட குடுத்துட்டு வீட்டுக்கு வந்து தராசுல வெச்சா ரெண்டும் ஒண்ணு. மழைக்கு நிக்கிற ரெண்டு லேயர் டென்ட் ஒன்றரைக் கிலோ பக்கத்துல இருந்தா இந்த விலைக்கு அது நல்ல வெயிட். அதுல இருந்து அரை கிலோ குறைக்க டென்ட்டுக்கு குடுக்கிற காசை விட ஸ்லீப்பிங் பேக்லயோ பேக்பேக்லயோ அதே அரை கிலோவை சுலபமா குறைச்சிரலாம், மூட்டையில கனமான சாமான் பல சமயம் அதுங்க தான்.

அடுத்தது வாட்டர்ப்ரூஃப் நம்பர். 3000 மி.மீ., 4000 மி.மீ., 5000 மி.மீ.ன்னு பெருசு பெருசா போட்டிருப்பாங்க, பெரிய நம்பர் இருந்தா நனையாதுன்னு வாங்கிருவாங்க. 1500 மி.மீ.ன்னா அந்தத் துணி மேல ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு தண்ணி நிக்கிற அழுத்தம் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம், சரிவா இறங்குற ஃப்ளை மேல அடிக்கிற மழைக்கு அதுவே தாராளம். தரைத்துணிக்கு தான் கூட வேணும், ஏன்னா ஈர மண்ணு மேல நம்ம முட்டியையும் முழங்கையையும் ஊனும்போது அங்க அழுத்தம் ஜாஸ்தி. அது போக தண்ணி உள்ள வர்றது பெரும்பாலும் துணி வழியா இல்ல, தையல் வழியா. பியூ, அதாவது பாலியூரித்தேன் கோட்டிங் துணின்னா உள்பக்கம் தையல் மேல டேப் ஒட்டியிருப்பாங்க, கையால தடவினாலே தெரியும். சிலிக்கான் கோட்டிங் துணியில டேப் ஒட்டாது, அதனால லான்ஷன் மாதிரி டென்ட் சில சமயம் சீல் பண்ணாமயே வரும், நம்ம தான் பண்ணணும். ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற ட்ரான்ஸ்பரன்ட் சிலிக்கான் சீலன்ட்டை பெயின்ட் கடை மினரல் டர்பென்டைன்ல கரைச்சு, பிரஷ்ல தையல் மேல மெல்லிசா பூசி ஒரு நாள் காயவிட்டா வேலை முடிஞ்சது. அக்ரிலிக் சீலன்ட் வாங்கிராதீங்க, அது சிலிக்கான் துணியில நிக்காது. இது தெரியாம மழையில ஒழுகுன உடனே டென்ட்டே மட்டம்னு சொல்றவங்களைப் பாத்தா வருத்தமா இருக்கு, 200, 300 ரூபா சாமான்ல முடியுற வேலை.

ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்கிற டோம் டென்ட் பத்தி ஒரு வார்த்தை. மேல ஒரு சின்ன தொப்பி மாதிரி துணி மட்டும் இருக்கும், பக்கவாட்டுச் சுவர் மழைக்கு நேரா காட்டிட்டு நிக்கும். அது பீச்சுக்கும் மொட்டை மாடிக்கும் தான், மழை வர்ற இடத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ஃப்ளை தரைக்கு கிட்ட வரைக்கும் இறங்கணும், போட்டோவுல அதைத் தான் முதல்ல பாக்கணும்.

20 டெனியர் (20D), 210டி (210T)ன்னு எழுதியிருக்கிறதை ஒரே அளவுகோல்னு நினைச்சு, 210 பெருசு அதனால பத்து மடங்கு ஸ்ட்ராங்னு முடிவு பண்றதும் நடக்குது. டெனியர்ங்கிறது நூலோட கனம், 9000 மீட்டர் நூல் 20 கிராம் இருந்தா அது 20 டெனியர். 210டிங்கிறது நூல் எவ்ளோ நெருக்கமா நெய்யப்பட்டிருக்குங்கிற கணக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. கிளவுட் அப்லயே ரெண்டு விதமும் வருது, 20 டெனியர் நைலான் லேசு, விலை கூட, 210டி பாலியஸ்டர் கொஞ்சம் கனம், விலை கம்மி. பட்ஜெட் ஆளு பாலியஸ்டர் எடுக்கிறதுல எந்தக் குறையும் இல்ல, சொல்லப்போனா நைலான் ஈரத்துல நீண்டு தொய்ஞ்சிரும், நடு ராத்திரி மழையில எந்திரிச்சு வெளிய போய் கயிறை இழுத்துக் கட்டணும், பாலியஸ்டர் அவ்ளோ தொய்யாது, வெயிலையும் அது தான் நல்லா தாங்கும். லடாக் மாதிரி வெயில் காயுற இடத்துல பகல் முழுக்க டென்ட்டை விரிச்சே விட்டுட்டுப் போறவங்களுக்கு இது நிஜமாவே வித்தியாசம் காட்டும்.

காலையில எந்திரிச்சா ஃப்ளைக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும். ஒழுகுதுன்னு நினைச்சு கடைக்கு திருப்பி அனுப்புறாங்க. அது ஒழுகல் இல்ல, நம்ம மூச்சுல இருந்தும் தரையில இருந்தும் வர்ற ஈரம் குளிர்ந்த துணியில பட்டு தண்ணியா மாறுது. எந்த விலை டென்ட்லயும் இது வரும். ஒரே லேயர் துணி இருக்கிற சிங்கிள் வால் டென்ட்ல அந்தத் தண்ணி நேரா ஸ்லீப்பிங் பேக் மேல, இன்னரும் ஃப்ளையும் தனித்தனியா இருக்கிற டபுள் வால்ல நடுவுல மெஷ், அதாவது வலைத்துணி இருக்கிறதால நம்ம மேல படாது. ஆத்தங்கரை, ஏரிக்கரை, பள்ளமான இடம் இதெல்லாம் பாக்க அழகா இருக்கும் ஆனா குளிர்ந்த காத்து அங்க தான் வந்து தேங்கும், கொஞ்சம் மேடா மரத்தடியா பாத்து போட்டாலே பாதி ஈரம் குறைஞ்சிரும். நம்ம சமவெளியிலயும் கேரளா கடலோரத்துலயும் டபுள் வால்க்கு இன்னொரு லாபம், மழை இல்லாத ராத்திரி ஃப்ளையைக் கழட்டிட்டு வெறும் மெஷ் இன்னர்ல படுக்கலாம், கொசு வராது, காத்து வரும். ஏப்ரல் மாசத்துல திருச்சி பக்கம் ஃப்ளையோட மூடிட்டு தூங்கிப் பாருங்க, எதுக்கு சொல்றேன்னு புரியும். அதே முழு மெஷ் இன்னர் ஸ்பிட்டியிலயும் லடாக்லயும் தூசியையும் குளிர்காத்தையும் உள்ள விடும், அங்க போறவங்க பாதிக்கு மேல துணி வெச்ச இன்னரா பாத்து எடுக்கிறது நல்லது.

நீளம் 210 செ.மீ.ன்னு போட்டிருந்தா ஆறடி ஆளு தாராளமா படுக்கலாம்னு தோணும். சுவர் சரிவா இறங்குதே, அந்த 210ங்கிறது தரையில தான். பாய் மேல, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள படுக்கும்போது தலையும் காலும் தரையில இருந்து ஒரு சாண் மேல இருக்கும், அந்த உயரத்துல நீளம் நல்லாவே குறைஞ்சிரும், கால் பக்கம் துணியில இடிச்சு ஸ்லீப்பிங் பேக் நனையும். அஞ்சடி எட்டங்குலத்துக்கு மேல இருக்கிறவங்க உள்ள படுத்துப் பாக்காம வாங்காதீங்க. இதுலயே சைக்கிள்காரங்களுக்கு நான் வேற ஒண்ணும் சொல்லுவேன், ரெண்டு ஆள் டென்ட் பாருங்க, 300, 400 கிராம் தான் கூட வரும், பையெல்லாம் உள்ள வெச்சுக்கலாம், பெட்ரோல் பங்க்லயும் ஊர் ஓரத்துலயும் நாய் இழுக்குமோ ஆள் எடுக்குமோங்கிற பயம் இல்லாம தூங்கலாம்.

போல் அலுமினியமா இருக்கட்டும், 7001 இல்லன்னா 7075ன்னு போட்டிருக்கிற ரகம். ஃபைபர்கிளாஸ் கனம், விரிசல் விட்டா சிலாம்பு சிலாம்பா பிளந்து துணியையும் கிழிச்சிரும். கூட வர்ற கம்பி பெக் காஞ்ச செம்மண்ணுல மூணாவது அடியில வளைஞ்சிரும், நாலு ஒய் வடிவ பெக் மட்டும் தனியா வாங்கி முக்கியமான மூலைக்கு வெச்சுக்கிட்டா போதும். டென்ட்டுக்கு அடியில விரிக்கிற கம்பெனி கிரவுண்ட்ஷீட்டுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் குடுக்காதீங்க. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டிப் போடலாம்னு தோணும், அது சதுர மீட்டருக்கு கால் கிலோ தாண்டிரும், வேண்டாம். 50 மைக்ரான் பாலித்தீன் ஷீட் மீட்டர் கணக்குல வாங்கினா ஒரு ஆள் டென்ட்டுக்கு அடியில போடுற அளவுக்கு 100 கிராம் கூட வராது. டென்ட் தரையை விட நாலு பக்கமும் ஒரு விரற்கடை சின்னதா வெட்டணும், வெளிய நீட்டிட்டு இருந்தா ஃப்ளையில இருந்து வழியுற தண்ணியெல்லாம் அதுல பிடிச்சு நேரா நம்ம முதுகுக்கு அடியில வந்து நிக்கும்.

வாங்குற இடம். யூட்யூப்ல வெளிநாட்டு ரிவ்யூ பாத்துட்டு அந்த விலையை ரூபாய்க்கு மாத்தி கணக்கு போடாதீங்க. அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பர்ல இருந்து இங்க தடை, வேற சைட்ல இருந்து வரவழைச்சா சாமான் விலையோட ஷிப்பிங்கையும் சேத்து அது மேல தான் டியூட்டி போடுவாங்க, வந்தது பிடிக்கலன்னா திருப்பி அனுப்புறது நடக்காத காரியம். நம்ம ஊர்ல ரிட்டர்ன் குடுக்கிற கடையில வாங்கி, வந்த அன்னைக்கே மொட்டை மாடியில அடிச்சுப் பாருங்க. ஜிப் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் இழுங்க, தையலை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, உள்ள படுங்க, எந்திரிச்சு உக்காருங்க. டேக் இன்னும் இருக்கட்டும். எல்லாம் சரின்னு முடிவு பண்ண அப்புறம் ஹோஸ் பைப்பை எடுத்து அரை மணி நேரம் தண்ணி அடிங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறது நல்ல வழி, அதே காசுக்கு ஒரு படி மேல கிடைக்கும். ஆனா சென்னை மாதிரி ஈரக் காத்து அடிக்கிற ஊர்ல பியூ கோட்டிங் தானா சிதைய ஆரம்பிச்சிரும், அதுவும் நனைஞ்ச டென்ட்டை சுருட்டி பைக்குள்ள திணிச்சு அலமாரியில போட்டு வெச்சிருந்தா சீக்கிரமே போயிரும். அதனால போட்டோவை நம்பி காசு அனுப்பாம நேர்ல போய் பிரிச்சுப் பாருங்க. ஃப்ளையோட உள்பக்கத்தையும் தரைத்துணியையும் கையால தடவுங்க, முகர்ந்து பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னாலோ புளிச்ச வாடை அடிச்சாலோ கோட்டிங் உரிய ஆரம்பிச்சாச்சு, எவ்ளோ துவைச்சாலும் திரும்பாது, பாதி விலைக்குக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க.