பைக்கின் பின் ஸ்பிரிங்கை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

வேகத்தடையில் இறங்கும்போது பின்பக்கம் டொம்மென்று அடித்தால், "கொஞ்சம் டைட்டான ஸ்பிரிங்கா போடுங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொல்லி ஒரு 'ஹெவி டியூட்டி' ஜோடியை மாட்டினேன். மனைவியோடு போகும்போது பரவாயில்லை. தனியாக வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போனால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கியது. அதன் பிறகுதான் அளக்கக் கற்றுக்கொண்டேன். இன்ச் டேப்பும் கூட இரண்டு பேரும் இருந்தால் போதும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, சீட்டை அழுத்தி விட்டதும் வண்டி இரண்டு மூன்று முறை குதித்து அடங்கினாலோ, கோளாறு டேம்பரில். எடையைத் தாங்குவது ஸ்பிரிங், குதிப்பை அடக்குவது டேம்பர். டேம்பர் போயிருந்தால் புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லை.

சரி, இப்போது அளவு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கட்டும். சக்கர அச்சுக்கு நேர்மேலே பாடியில் ஒரு குறி வைத்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி நேராகப் பிடித்து, சீட்டை இரண்டு முறை அழுத்திவிட்டு அளந்தால் 590. அப்புறம் ஹெல்மெட், பையோடு நீங்கள் ஏறி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும்: 568. ஆக, வண்டி தன் எடையிலேயே இறங்கியது 10, ஆளோடு இறங்கியது 32.

ஆளோடு இறங்குவது, சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மொத்தம் 100 மி.மீ. என்றால் 30, 33 சரி. இல்லையென்றால் ப்ரீலோட் வளையத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ஷாக்கின் வளையத்தை, திருகி அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பலர் குழம்பும் இடம் இதுதான். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டியின் உயரம்தான் ஏறும். அதனால் ஆளோடு அளவைச் சரிசெய்தபின், ஆளில்லாத அளவை மறுபடி பாருங்கள். சாதாரண சாலை வண்டிக்கு அது 5 முதல் 15 மி.மீ. இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு ஏற்றது, காசு மிச்சம். ஏறக்குறைய பூஜ்யம் என்றால் ஸ்பிரிங் மெலிது: உங்கள் எடையைத் தாங்க ப்ரீலோடை அதிகம் இறுக்க வேண்டியிருந்ததால், வெறும் வண்டியின் எடைக்கு அது அசையவில்லை. 20, 25 வந்தால் ஸ்பிரிங் கடினம். தலைகீழாகத் தோன்றினாலும் உண்மை இதுதான்.

எப்போதும் பின்னால் ஒருவரோடு போகிறவர் இருவரையும் உட்காரவைத்து அளக்க வேண்டும். எப்போதாவது மட்டும் என்றால் தனியாக அளந்து வாங்கி, ஆள் ஏறும் அன்று ப்ரீலோடைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கப் போகும்போது பழைய ஸ்பிரிங்கைக் கையோடு எடுத்துப் போங்கள். நீளமும் உள்விட்டமும் பொருந்த வேண்டும். கடினம் கிலோ/மி.மீ. கணக்கில் எழுதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் வெர்னியரால் கம்பியின் தடிமனைப் பாருங்கள். கடினம் தடிமனின் நான்காம் மடியைப் பொறுத்தது: மற்ற அளவுகள் மாறாமல் கம்பி மட்டும் 7 மி.மீ.யிலிருந்து 7.5 ஆனால் சுமார் 30 சதவீதம் கூடிவிடும். சுற்றுகள் குறைந்தாலும் கடினம் கூடும். அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டதில்தான் நான் ஏமாந்தேன். பழையதற்கு அடுத்த நிலையை மட்டும் எடுங்கள். ரொம்பக் கடினமானதைப் போட்டால் பழைய டேம்பரால் அதை அடக்க முடியாமல் வண்டி பின்னால் உதைக்கும்.

இரட்டை ஷாக் வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றுவதை மட்டும் ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். மாட்டியதும் ப்ரீலோடைக் கடைசிப் படியில் தளர்த்தி, முதலிலிருந்து மூன்று அளவுகளையும் எடுங்கள்.