மொட்டை மாடியில் மான்ஸ்டர் படம்: பிள்ளைகளோடு பார்க்க ஒரு செய்முறை

பிள்ளைகளுக்கு ராட்சசப் படம் காட்ட ஆசை, ஆனால் ராத்திரி பயந்து எழுந்துவிடுவார்களோ என்று தயங்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முன்னால், கையால் செய்த ராட்சசர்களிடமிருந்து தொடங்குங்கள். பயம் அளவோடு நிற்கும். "இதை எப்படிப் பண்ணாங்க?" என்ற கேள்வியும் தானாக வரும்.

படி 1: திரை கட்டுதல்

கோடை லீவுதான் தோதான காலம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் மாடியில் துணி நிற்காது. வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துக் கொடிக்கயிற்றில் கட்டி, கீழ் முனைகளில் கல்லை முடிந்து தொங்கவிடுங்கள். புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கும். இல்லையென்றால் டிவியே போதும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வையுங்கள், சத்தம் ராட்சசனிடமிருந்து வருவது போலவே இருக்கும். ஏழு மணிக்கு மேல் நன்றாக இருட்டியதும் போடலாம். மாங்காய் பத்தையில் உப்பு, மிளகாய்த்தூள் தூவி வைத்துவிட்டால் தீனிக் கவலை தீர்ந்தது.

படி 2: முதல் ராட்சசன் நம்மவன்

1957இல் வந்த 'மாயா பஜார்' படத்திலிருந்து தொடங்குங்கள். எஸ். வி. ரங்காராவின் கடோத்கஜனைப் பார்த்து எந்தக் குழந்தையும் அழாது. 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் லட்டுகள் தாமாகவே பறந்து அவர் வாய்க்குள் போகும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். போடுங்கள். தெருவில் ஒரு வீட்டில் டெக் (வீடியோ கேசட் போடும் கருவி) வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் ஓட்டிய காலத்தில் நாங்களும் அதே இடத்துக்குத்தான் கத்தினோம். இந்தப் படத்தைத் தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுத்தார்கள். ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் பாட்டியையும் கூட உட்கார வைத்துத் தெலுங்கிலேயே பார்க்கலாம்.

படி 3: அப்புறம் ஜப்பான்

ஜப்பான் சினிமாவின் பேர்போன ராட்சசன் காட்ஜில்லா. 1954இல் வந்த அவனுடைய முதல் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சில் ஜப்பானிய மீன்பிடி படகு ஒன்று மாட்டிக்கொண்ட அதே ஆண்டில் வந்த படம் அது. அருமையான படம், ஆனால் கனமானது. வளர்ந்த பிறகு பார்க்கட்டும்.

அதற்குப் பதில் 1967இன் 'சன் ஆஃப் காட்ஜில்லா'. குட்டி மினில்லாவுக்கு அப்பா நெருப்பு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் காட்சி அதில் இருக்கிறது. குட்டி எவ்வளவு முக்கினாலும் புகை வளையம்தான் வரும். அப்பா வாலை மிதித்ததும்தான் நிஜமான கதிர் பாயும்! அடுத்து கமேரா என்ற ராட்சச ஆமை. 1965இன் முதல் படத்திலேயே, கலங்கரை விளக்கத்திலிருந்து விழப்போகும் பையனைத் தாங்கிப் பிடிக்கும். கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அந்த ஓட்டைகளில் தீ கக்கச் சுழன்று பறக்கும். பின்னால் வந்த கமேரா படங்களில் வெட்டும் குத்தும் உண்டு, முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். சப்டைட்டில் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும்.

படி 4: உள்ளே ஆள் இருப்பதைச் சொல்வது

ராட்சச உடைக்குள் ஓர் ஆள் இருப்பதைப் படத்துக்கு முன்னால் சொல்லாதீர்கள். முடிந்ததும் சொல்லுங்கள், அடுத்த நாள் அவர்களே இரண்டாவது தடவை கேட்பார்கள். பாரதக் கூத்து பார்த்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ராத்திரி துரியோதனனாக நின்றவர் விடிந்ததும் டீக்கடையில் நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். காட்ஜில்லா வேஷம் கட்டியவர் ஹருவோ நகாஜிமா. 1954 முதல் 1972 வரை அவர்தான். முதல் உடையே சுமார் 100 கிலோ. அந்த உறுமல் எந்த மிருகத்துடையதும் கிடையாது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியில் பிசின் தடவிய தோல் கையுறையைத் தேய்த்து எடுத்த சத்தம். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அந்த உறுமலை மறுபடி போட்டுக் காட்டுங்கள், முகத்தைப் பாருங்கள்.

படி 5: நாமே ஒரு சண்டை எடுப்பது

மாம்பழ அட்டைப்பெட்டி, தீப்பெட்டி, சோப்பு டப்பா எல்லாம் கட்டடம். கறுப்புத் தாள் வெட்டி ஜன்னல் ஒட்டுங்கள். செல்போனைத் தரையோடு தரையாக, கேமரா கீழே இருக்கும்படி தலைகீழாகச் சாய்த்து, 'ஸ்லோ மோஷன்' தேர்ந்தெடுங்கள். ஜப்பானியர்களும் கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, திரையில் மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாகச் சரிந்தால்தான் அட்டைப்பெட்டிக்குக் கட்டடத்தின் எடை வரும். இதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், காலை வெயிலில் எடுங்கள். கட்டடத்துக்குள் கொஞ்சம் கோலமாவு போட்டு வைத்தால், குழந்தை மிதிக்கும்போது புழுதி கிளம்பும். மிதிக்கும் முன் இரண்டு தடவை சும்மா நடக்க வைத்து ஒத்திகை பாருங்கள், ஊரைத் திரும்பக் கட்ட அரை நாள் ஆகும்.