பழைய செயின் டிராக்டர்: கார் ஓட்டும் பழக்கம் கவிழ்த்துவிடும் இடங்கள்

சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயினில் ஓடும் கேட்டர்பில்லர் டி2 என்ற சின்ன செயின் டிராக்டர் 1938 முதல் 1957 வரை அமெரிக்காவில் தயாரானது. துருப்பிடித்துக் கிடப்பதை வாங்கி ஓடவைக்கும் ஆர்வலர்கள் இன்றும் உண்டு. புதிதாக ஏறி உட்காருபவர் செய்யும் தவறுகளில் பாதி, சக்கர வண்டியில் பழகிய கைகாலால் வருபவை.

இதில் ஸ்டியரிங் வட்டு கிடையாது. இரண்டு லீவர், இரண்டு பிரேக் பெடல். வலது லீவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகும் இழுவை நிற்கும். இடது செயின் தள்ள, வண்டி வலப்பக்கம் திரும்பும். சமதரையில் சரி. செங்குத்தான இறக்கத்தில், அதுவும் பின்னால் பாரம் தள்ளும்போது, கதையே வேறு. அங்கே எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. வலது லீவரை இழுத்தால் வலது செயின் பிடிவிட்டு வேகமாக உருளும், வண்டி இடப்பக்கம் போகும்! பதறிப்போய் லீவரை விடாமல் பிடித்திருந்தால் பள்ளத்தில்தான் போய் நிற்க வேண்டும். இறக்கத்தில் லீவரோடு அதே பக்கத்து பிரேக்கையும் மிதியுங்கள். லேசான வளைவு போதுமென்றால் பிரேக்கைத் தொடாமல் எதிர்ப்பக்க லீவரை இழுக்கலாம். இதை முதலில் சின்னச் சரிவில் பழகிக்கொள்வது நல்லது. கியரை மேட்டிலேயே போட்டுவிட வேண்டும். பாதி வழியில் மாற்றப்போய் நியூட்ரலில் மாட்டினால் எஞ்சினின் பிடி போய்விடும்.

அடுத்தது, ஸ்டார்ட் செய்யும் அவசரம். டி2-வின் டீசல் எஞ்சினை எழுப்புவதற்கென்றே பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. அது ஓடியதும் டீசலைத் திறந்துவிடத்தான் எல்லாருக்கும் கை போகும். வேண்டாம். சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் ஏறாமல் விடும் கம்ப்ரஷன் லீவரைத் தளர்த்தி வைத்து, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை பெரிய எஞ்சினைச் சும்மா சுற்றவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே குளிரூட்டும் நீர் என்பதால் அந்த நேரத்தில் டீசலும் கொஞ்சம் சூடேறும். பிறகு லீவரைத் திருப்பி கம்ப்ரஷன், அதற்குப் பிறகே டீசல். வேலை முடிந்ததும் சின்ன எஞ்சினைச் சுவிட்சில் அணைக்காமல், பெட்ரோல் குழாயை மூடி அது தானாக நிற்கும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் பிசினாகி, அடுத்த முறை உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

செயினை விறைப்பாக வைத்தால் நல்லது என்று நினைப்பதும் உண்டு. விறைப்பு கூடினால் செயின் கண்ணிகளை இணைக்கும் பின்களும், அவற்றைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழாய்களும் சீக்கிரம் தேயும். சேறு அடைத்தால் இன்னும் இறுகும். ரொம்பத் தொய்ந்தாலோ கழன்று விழும். எவ்வளவு தொய்வு என்பதற்குக் கண்ணை நம்பாமல் அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். ரிவர்ஸில் வேகமாக நெடுந்தூரம் ஓட்டுவதும் புஷ்ஷைத் தின்றுவிடும். பிற்காலத்து வண்டிகளில் கிரீஸ் அழுத்தத்தால் செயினை இறுக்கும் அமைப்பு உண்டு. அதன் வால்வை முகத்தை அருகில் வைத்து முழுதாகக் கழற்றவே கூடாது. பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கடைசியாக, வண்டியை மழையில் நிறுத்தி மாதக்கணக்கில் மறப்பது. லீவரை இழுத்ததும் செயினுக்குப் போகும் இழுவையைத் துண்டிக்கும் ஸ்டியரிங் கிளட்சுகள், எண்ணெயில் மூழ்காத உலர்ந்த வகை. உள்ளே ஈரம் புகுந்தால் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுத்தும் வண்டி நேராகவே போனால் சந்தேகம் முதலில் இங்கேதான். ஒரு தார்பாலின் போட்டு மூடி, அவ்வப்போது எடுத்து இரண்டு பக்கமும் திருப்பி ஓட்டிவந்தாலே பெரும்பாலும் இந்த வேலை வராது.