பாதியில் நிற்கும் பழைய அம்பாசடர்: தொடர்வதா, விடுவதா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் ஏதாவதொரு பழைய ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், கண்ணாடி கழற்றிய அம்பாசடரோ ஃபியட்டோ செங்கல் மேல் நிற்பதைக் காணலாம். பெரியப்பா ஓட்டிய வண்டி என்று ஆசையாகத் தொடங்கிய வேலை, நான்காம் வருடத்தில் கையைக் கடிக்க ஆரம்பித்திருக்கும். இதை அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் இப்படி இரண்டு வண்டிகளைக் கையில் எடுத்தவன். 1971-ஆம் வருடத்து மார்க் 2 அம்பாசடரை முடித்தேன். ஃபியட்டைப் பாதியில் விட்டேன்.

முதல் வேலையாக, இதுவரையான ரசீதுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். "இவ்வளவு போட்ட பிறகு எப்படி விடுவது?" என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் வேலையைத் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை என்பதால், முடிவெடுக்கும் கணக்கில் அதற்கு இடமில்லை. கணக்கில் வர வேண்டியவை இரண்டே தொகைகள்: வண்டியை இன்றைய நிலையிலேயே விற்றால் கிடைப்பது ஒன்று, இன்றிலிருந்து சாலையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆவது மற்றொன்று. இரண்டாவதில் ஷெட் வாடகையையும், உதிரி பாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கும் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கும் போய்வரும் செலவையும் சேர்க்காமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

அந்த இரண்டாவது தொகையைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, தகரம். ஜீப்பைப் போலத் தனிச் சேஸிஸ் என்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டியல்ல அம்பாசடர். பாடியே அதன் எலும்பு. ஆகவே தரைத் தகரமும், கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டிபோல் ஓடும் பகுதியும் அரித்துப்போயிருந்தால், பழுது மேற்பூச்சில் இல்லை, வண்டியைத் தாங்கும் அமைப்பிலேயே இருக்கிறது. நம் ஊர் வெயிலில் துரு எங்கே வரும் என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுகும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், தார்ப்பாய் இறுக்கிக் கட்டி நிறுத்திய வண்டிக்குள் ஈரம் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால் சோதனையில் இரட்டைக் கவனம் தேவை.

சோதனைக்குப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். காந்தத்தை மெல்லிய பனியன் துணியில் சுற்றி, கதவுக்கு அடியில், சக்கர வளைவில், டிக்கித் தரையில் மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல தகரத்தில் அது கையை இழுக்கும். பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கும் பட்டிப் பசையைக் கனமாகப் பூசிய இடத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கும். என் ஃபியட்டின் இடப்பக்கத்தில் முழங்கை நீளத்துக்குக் காந்தம் எங்குமே ஒட்டவில்லை. பக்கத்தில் நின்ற காட்பாடி டிங்கர் பெரியவர், "இன்னா தம்பி, இதுல தகரம் எங்க கீது, எல்லாம் பட்டிதான்" என்று ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். அது பிடி வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியில் மூக்குப்பொடி நிறத்தில் துருத்தூள் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அந்தப் பக்கத்துக்குப் பெயின்ட் அடித்துப் பணம் கொடுத்திருந்தேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, மறுபடி திறந்து சாத்திப் பாருங்கள். கதவு புதிதாக இடித்தாலோ, இடைவெளி ஒரு மூலையில் விரிந்தாலோ, பாடி வளைகிறது என்று பொருள். அப்படியானால் தரையையும் அடிப்பகுதியையும் புதிதாக வெட்டிப் பற்றவைப்பதற்கு எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். என் இரண்டு வண்டிகளிலும் அப்படித்தான் முடிந்தது.

இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மார்க் 2-இன் 1489 சி.சி. இன்ஜினை அறிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சிலிண்டரின் உள்துளையான போர், இனிக் குடைந்து பெரிதாக்க முடியாத கடைசி சைஸுக்குப் போயிருந்தாலும், உள்ளே ஸ்லீவ் என்ற உலோகக் குழாயைப் போட்டுத் தேற்றலாம்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். பேப்பர் சரியில்லாத வண்டிக்கு டிங்கர் வேலை செய்வது பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டுவதைப் போன்றது. உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசுகள் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றம் முடியும் வரை பெரிய செலவு எதையும் தொடாதீர்கள். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி.

50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியை 2021-இல் வந்த விதியின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே அதை வெளியே எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. குடும்பத்தோடு ஏலகிரி போய்வர ஆசைப்படுபவருக்கு இது உதவாது. "கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் போட்டதை எடுத்துவிடலாம்" என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிட வேண்டும். விண்டேஜ் வண்டியை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளை போர்டு சொந்த வண்டியையும் வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகு தொடர்வதென்று முடிவானால், முழு வண்டிக்கும் ஒப்புக்கொள்ளாமல் அடுத்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். "தை பிறப்பதற்குள் தரையும் அடிப்பகுதியும் முடிய வேண்டும், இந்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது, போனால் நிறுத்தம்" என்று எழுதி, வீட்டில் பணம் பார்ப்பவர் யாரோ அவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். தகரம் முடியும் முன் குரோம், சீட், பெயின்ட் எதற்கும் ஒரு ரூபாயும் போகக் கூடாது. தரை ஓட்டையாக இருந்தபோதே பேரணாம்பட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று சீட்டுக்குத் தோல் வாங்கி வைத்தவன் நான். இரண்டு வருடம் பரணில் கிடந்து மடிப்பு மடிப்பாக வெடித்துவிட்டது.

இப்போதைக்குப் பணமில்லை, விற்கவும் மனமில்லை என்பவர்கள் முறைப்படி நிறுத்தி வைக்கலாம். பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டின் மேல் ஏற்றி, தார்ப்பாய்க்குப் பதில் காற்றோடும் துணி போர்த்தி, கழற்றிய சாமான்களை டப்பா டப்பாவாகப் பெயர் எழுதி வைக்க வேண்டும். டப்பாவில் பெயர் இல்லையென்றால் அடுத்து வரும் மெக்கானிக் பாதியை மறுபடி வாங்கச் சொல்வார்.

விடுவதென்றால் வண்டியை முழுசாக விற்க முதலில் முயலுங்கள். நல்ல பாடி இருந்து இன்ஜின் இல்லாத ஒருவர் எங்காவது இருப்பார். என் ஃபியட்டின் இன்ஜினும் கியர்பாக்ஸும் வாணியம்பாடியில் அப்படி ஒருவருக்குத்தான் போயின. எஞ்சிய கூட்டை எடைக்குப் போடும்போது அவசரப்படக் கூடாது. இனி ஓடாது என்றான வண்டியைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்துக்கான கடிதத்தைக் கையில் வாங்கி, பீரோவில் இருக்கும் அந்த ரசீதுக் கவரிலேயே போட்டு வையுங்கள்.