நாயோடு காபி குடிக்க ஒரு மேசை: சிட்னியின் வடமேற்குப் புறநகரில் தேடும் வழி

ஸ்கோஃபீல்ட்ஸுக்குக் குடிவந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் நாய் மணியை (கெல்பி கலப்பு, காப்பகத்தில் எடுத்தது, ஆறு மணிக்கு மேல் வீட்டில் யாரையும் தூங்கவிட மாட்டான்) இழுத்துக்கொண்டு காபி குடிக்கக் கிளம்பினேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடை ஷாப்பிங் சென்டருக்குள் இருந்தது, வாசல் கண்ணாடியிலேயே நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. இரண்டாவது கடையின் பின்பக்கம் கொடியெல்லாம் படர்ந்த அழகான முற்றம், ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் கடைக்குள் புகுந்து கல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாவது, பூங்காவுக்குள் இருந்த சின்னக் கடை. வெளியே நாலு மேசை, தண்ணீர்க் கிண்ணம்கூட வைத்திருந்தார்கள், அப்பாடா என்று உட்கார்ந்து பாதி காபி குடித்த பிறகுதான் பக்கத்திலேயே குழந்தைகள் ஊஞ்சல் இருப்பதையும் அங்கே நாய் வரக் கூடாது என்ற பலகையையும் பார்த்தேன். மீதியை அட்டைக் குவளையில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அப்போது மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா சொன்னது: “வீட்டுல ஃபில்டர் இருக்கு, பால் இருக்கு. அந்த நாயா காபி கேக்குது?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் புது ஊரில் வார இறுதிக் காலை வெளியே போய் நாலு முகம் பார்க்க ஆசை இருக்குமே. அதனால் ஆறேழு மாதம் தேடித் தேடிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முக்கியமானது ஒன்றுதான்: கடைக்காரருக்கு நாய் பிடிக்குமா என்று விசாரிப்பதற்கு முன்னால் மேசை எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். நாயை உயிராக நினைக்கிற கடைக்காரரானாலும் மேசை தப்பான இடத்தில் இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் சட்டம். ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி 3.2.2, கடையின் வெளி உணவிடத்தில் நாயை அனுமதிக்கலாம் என்று சொல்கிறது. அனுமதிக்கலாம், அவ்வளவுதான், கட்டாயம் இல்லை, கடைக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எது வெளி உணவிடம் என்பதற்கும் அதில் விளக்கம் இருக்கிறது: அங்கே சமையல் வேலை நடக்கக் கூடாது, அடைத்த இடமாக இருக்கக் கூடாது, அடைத்த இடம் எதையும் கடக்காமல் தெருவிலிருந்து நேராக வந்து உட்கார முடிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் என் கொடி படர்ந்த முற்றம் அடிபட்டுப் போனது. கூரை மட்டும் இருந்தால் பரவாயில்லை. கூரையும் சுவரும் சேர்ந்து அநேகமாக மூடிவிட்டால் அது அடைத்த இடம், அந்த மூடல் தற்காலிகமானதாக இருந்தாலும் கணக்கில் வரும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: ஜூலைக் குளிருக்குப் பல கடைகளில் வெளிப்பந்தலைச் சுற்றி பிளாஸ்டிக் திரையை இறக்கிவிடுவார்கள், கோடையில் மணியோடு உட்கார்ந்த அதே நாற்காலி அப்போது ‘உள்ளே’ ஆகிவிடலாம். வழக்கமாகப் போகிற கடையாக இருந்தாலும் குளிர்காலம் வந்ததும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நியூ சவுத் வேல்ஸின் 1998ஆம் ஆண்டு வளர்ப்புப் பிராணிகள் சட்டமும் தன் பங்குக்கு மூன்று நிபந்தனை போடுகிறது. நாய் வாரில் கட்டப்பட்டு உங்கள் பிடியில் இருக்க வேண்டும், தரையில் இருக்க வேண்டும், அங்கே அதற்குச் சாப்பாடு ஊட்டக் கூடாது. ஆபத்தானவை என்று அறிவிக்கப்பட்ட நாய்களுக்கும் தடைசெய்த இனங்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. குழந்தைகளின் விளையாட்டுக் கருவிகளிலிருந்து 10 மீட்டருக்குள் நாய் வரக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். புதுக் குடியிருப்புகளில் சறுக்குமரத்தையும் காபிக் கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள், குழந்தை உள்ளவர்களுக்கு வசதி, நமக்குப் பொறி. (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கடைக்குள்ளேயே வரலாம். அதற்காக நம் வீட்டு நாய்க்கு இணையத்தில் ஓர் அங்கி வாங்கி மாட்டி உதவி நாய் என்று நடிக்காதீர்கள், நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் வாசலில் சந்தேகப் பார்வையைச் சந்திப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.)

சரி, தேடுவது எப்படி?

கூகுள் மேப்பில் ‘நாய் அனுமதி’ என்று போட்டுத் தேடினால் வரும், ஆனால் வளரும் ஊரில் அதை முழுசாக நம்ப முடியாது. கடை மூன்று மாதத்துக்கு முன் திறந்திருக்கும், அந்தக் குறியை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். தெருக்காட்சியைத் திறந்தால் பல இடத்தில் இன்னும் கடைக்குப் பதில் மாட்டுப் புல்வெளி தெரியும். அதனால் நான் பார்ப்பது, போகிறவர்கள் போட்ட புகைப்படங்கள். புதியவை முதலில் வரும்படி வைத்துவிட்டு மூன்று விஷயம் தேடுவேன்: வெளியே மேசை இருக்கிறதா, அது நடைபாதையில் இருக்கிறதா அல்லது மால் நடைகூடத்தில் இருக்கிறதா, எங்காவது ஓரத்தில் ஒரு வாலோ தண்ணீர்க் கிண்ணமோ தெரிகிறதா. விமர்சனங்களுக்குள் நாய், குட்டி என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினாலும் பலன் உண்டு. ஊர்ப் பெயரில் இருக்கும் ஃபேஸ்புக் குழுவில் கேட்டால் பத்து நிமிஷத்தில் இருபது பதில் வரும், அதில் பாதி ‘எங்கள் நாயைப் பாருங்கள்’ என்ற படமாக இருக்கும், மீதிப் பாதி தங்கம்.

அப்புறம் எந்த மாதிரி இடத்தில் தேடுவது என்பது. டல்லவாங், பாக்ஸ் ஹில், மார்ஸ்டன் பார்க் மாதிரி ஊர்களில் பெரும்பாலும் வூல்வொர்த்ஸ், கோல்ஸ் மாதிரி ஒரு சூப்பர்மார்க்கெட்டை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் கடைகளைக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டடத்தில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த மூலைக் கடைகள் மட்டும்தான் நமக்கு. உள்நடையைப் பார்த்தவை எவ்வளவு நல்ல காபி போட்டாலும் விட்டுவிடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய அடுக்குமாடிகளின் தரைத்தளக் கடைகள் பரவாயில்லை, நடைபாதை அகலமாக இருக்கும், ஆனால் கட்டடங்களுக்கு நடுவில் ஆகஸ்ட் காற்று வீசினால் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் பறக்கும்.

பழைய தெரு இருக்கும் ஊரைப் பிடிப்பது என் முதல் சிபாரிசு. வளர்ச்சிப் பகுதிக்கு நடுவிலேயே ரிவர்ஸ்டோன் இருக்கிறது, மால் கட்டும் வழக்கம் வருவதற்கு முந்தைய ஊர், கடைகள் எல்லாம் தெருவைப் பார்த்து நிற்கும். இன்னும் கொஞ்சம் ஓட்ட மனசிருந்தால் வின்ட்சர், ஆளுநர் மக்குவாரி 1810இல் பெயர் வைத்த ஊர். அங்கே ஜார்ஜ் தெருவின் ஒரு பகுதி வண்டி போகாத நடைத்தெரு, மேசைகள் வெளியே கிடக்கும், காபிக்கு முன்னால் ஹாக்ஸ்பரி ஆற்றோரம் நாயை அரை மணி நடத்திவிட்டால் அது மேசைக்கடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். டூரல், கேல்ஸ்டன் பக்கம் செடி விற்கும் நர்சரிகளோடு சேர்ந்த கஃபேக்களும் உண்டு. நர்சரி விதி வேறு, கஃபே விதி வேறு, இரண்டையும் கேளுங்கள்.

யாரும் சொல்லாத இன்னொரு இடம் தொழிற்பேட்டை. கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்காக அதிகாலையிலேயே திறக்கும் காபிக் கடைகள், ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் நாலு ஸ்டூல். வருகிறவர்களில் பலருடைய வண்டிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு நாய் உட்கார்ந்திருக்கும், உங்கள் நாயை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அழகு கிடையாது, பேக்கனும் முட்டையும் வைத்த ரோல்தான் கிடைக்கும், ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. ஆனால் வேலைநாள் காலைக்கு இதைவிடச் சுலபம் எனக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை குழந்தைகள் கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடும் மைதானங்களில் நிற்கும் காபி வேனையும் மறக்காதீர்கள், அங்கே கடையே வெளியேதான். மைதானத்தில் நாய் விதி என்ன என்று நகராட்சிப் பலகையில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள்? வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் தோசைக்கும் கொத்துக்கும் பஞ்சமில்லை, ஆனால் நான் போன கடைகளில் எல்லாம் உள்ளே உட்கார்ந்துதான் சாப்பாடு. பார்சல் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போவதுதான் வழி, அங்கேயும் பொது பார்பிக்யூ அடுப்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி உட்காருங்கள், அதற்கும் விதி இருக்கிறது.

கடையைத் தேர்ந்ததும் ஒரு போன் போடுங்கள். ‘நாய் வரலாமா’ என்று மட்டும் கேட்டால் எடுக்கும் பையன் ‘ஓ, வாங்க’ என்று சொல்லிவிடுவான், போய் நின்ற பிறகு மேனேஜர் வேறு சொல்வார். நான் கேட்பது இது: வெளி மேசைக்குக் கடைக்குள் வராமல் வர முடியுமா, காலை ஒன்பது மணிக்கு அதில் நிழல் இருக்குமா, மேசையிலிருந்தே ஆர்டர் செய்யலாமா. கடைசிக் கேள்வி தனியாகப் போகிறவர்களுக்கு உயிர். மேசையில் கியூஆர் குறியீடு ஒட்டியிருந்தால் போனிலேயே சொல்லிப் பணமும் கட்டிவிடலாம். இல்லையென்றால் நாயை வெளியே கட்டிவிட்டு உள்ளே வரிசையில் நிற்க வேண்டும், அது வேண்டாம். மணியை ஒருமுறை அலுமினிய நாற்காலியில் கட்டிவிட்டு உள்ளே போனேன், வெளியே ஒரு வெள்ளை அரிவாள்மூக்கன் (சிட்னிக்காரர்கள் ‘குப்பைத்தொட்டிக் கோழி’ என்பார்களே, அதேதான்) நடந்து போயிருக்கிறது, நாற்காலி தடதடவென்று அவன் பின்னாலேயே ஓட, அந்தச் சத்தத்துக்கு அவன் இன்னும் பயந்து ஓட, நான் கையில் கார்டோடு அவர்கள் இருவர் பின்னாலும் ஓடினேன். வாரை உங்கள் தொடைக்கு அடியில் வைத்து உட்காருங்கள், அல்லது இடுப்பில் மாட்டும் வார் வாங்குங்கள்.

நேரம். இங்கே பெரும்பாலான கஃபேக்கள் காலை ஆறு ஏழுக்குத் திறந்து மதியம் இரண்டு மூன்றுக்குள் மூடிவிடும், சாயங்காலம் நாலு மணிக்குக் காபி என்ற நம் பழக்கம் செல்லாது. கோடையில் எட்டு மணிக்குள் போய் வந்துவிடுங்கள். மேற்கு சிட்னி வெயில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புரியாது. 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி. அதிலும் புதுக் குடியிருப்பில் மரமெல்லாம் இன்னும் குச்சிதான், நிழல் என்பது கட்டடத்தின் நிழல் மட்டும். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வையுங்கள், சுட்டால் நாயின் பாதமும் சுடும். ‘சரி, காரில் விட்டுவிட்டுச் சட்டென்று வாங்கி வந்துவிடலாம்’ என்பது மட்டும் வேண்டவே வேண்டாம், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் உள்ளே சூடு நிமிஷங்களில் ஏறிவிடும்.

மேசையில் உட்கார்ந்த பிறகு பெரிய வேலை, வாயைக் காவல் காப்பது. பக்கத்து மேசைக் குழந்தை அன்பாக ஒரு துண்டு போடும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், மக்கடேமியாக் கொட்டை எல்லாம் நாய்க்கு விஷம், இதில் மக்கடேமியா இந்த நாட்டுக் கேக்குகளில் சர்வசாதாரணம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் அதைவிட மோசம். பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் (வாரோடு விடுகிறார்கள், உள்ளே இருக்கும் கஃபேயைச் சேர்க்காதீர்கள்) வாசலில் சாசேஜ் சுடும் மேசையைச் சுற்றித் தரையைப் பார்த்து நடங்கள். 2018இல் வெங்காயத்தைச் சாசேஜுக்கு அடியில் வையுங்கள், மேலே வைத்தால் கீழே விழுந்து யாராவது வழுக்குவார்கள் என்று பன்னிங்ஸ் சொல்லப்போய் நாடே சிரித்தது, எனக்கு என்னவோ அது நாய்க்காரர்களுக்காகப் போட்ட உத்தரவு மாதிரிதான் தோன்றியது. ‘பப்புச்சினோ’ என்று சின்னக் குவளையில் பால் நுரை தருவார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும், பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே வயிறு போகும். தண்ணீர் போதும், அதற்கும் மடிக்கிற கிண்ணம் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள்.

குட்டி நாய் என்றால் தடுப்பூசி வரிசை முழுசாக முடிந்து கால்நடை மருத்துவர் சரி என்ற பிறகு போங்கள். முதல் தடவை காலை உணவுக்கு உட்காராதீர்கள், ஒரு காபி, பத்து நிமிஷம், வேலைநாளாக, கூட்டம் இல்லாத நேரமாக. எல்லோரும் நடக்கும் பாதையிலிருந்து தள்ளி, ஒரு பக்கம் சுவர் இருக்கும் மேசையாகப் பிடியுங்கள். ஒரு பழைய பாயையோ துண்டையோ கீழே விரித்தால் அது தன் இடம் என்று நாய்க்குப் பிடிபட்டுவிடும். மணிக்கு அம்மா கொண்டுவந்த கோரைப்பாயில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்திருக்கிறேன், அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.