பல் மருத்துவத்தில் லூப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிபோல் அணிந்து பல்லைப் பெரிதாக்கிப் பார்க்கும் உருப்பெருக்கியான லூப்பை வாங்க வரும் பல் மருத்துவர்களில் பலர் முதலில் கேட்பது, அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதைத்தான். உருப்பெருக்கம் கூடக்கூட பார்வைப் பரப்பு சுருங்குகிறது, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைகிறது, காட்சியும் மங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 5 மடங்குக்கு மேல் போனால் சில பற்களே பார்வைக்குள் நிற்கும். தலை சற்று அசைந்தாலும் காட்சி கலைந்துவிடும். இதுவரை வெறுங்கண்ணால் வேலை செய்தவருக்கு 2.5 முதல் 3.5 மடங்கு வரையிலான, எளிய வில்லை அமைப்புள்ள, எடை குறைந்த கலிலியன் வகையே ஏற்ற தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

இதைவிடப் பெரிய தவறு அளவெடுப்பில் நேர்கிறது. கண்ணுக்கும் பல்லுக்கும் இடையிலான வேலைத்தூரம், மருத்துவரின் உயரத்தையும் அமரும் முறையையும் பொறுத்துப் பெரும்பாலும் 35 முதல் 50 சென்டிமீட்டருக்குள் அமையும். கண்காட்சி அரங்கில் நின்றபடி இதை அளந்து கொடுப்பதில் பயனில்லை; தம் இருக்கையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்து, நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்த நிலையில் அளக்க வேண்டும். ஏற்கெனவே கூன் போட்டு வேலை செய்யும் பழக்கமுள்ளவரை அதே நிலையில் அளந்தால், அந்தக் கூனையே லூப் நிரந்தரமாக்கிவிடும், ஏனெனில் நிமிர்ந்தால் பல் மங்கலாகவும் குனிந்தால் மட்டுமே தெளிவாகவும் தெரியும். வில்லைகள் கீழ்நோக்கிச் சாயும் கோணம் போதாவிட்டால் குறையைக் கழுத்துதான் ஈடுகட்டும். தலை 20 முதல் 25 பாகைக்கு மேல் குனியாதபடி அந்தக் கோணம் அமைய வேண்டும். கண்மணிகளின் இடைவெளி பிசகினால் காட்சி இரட்டையாகத் தெரிந்து தலைவலி வரும். கண்ணாடியிலேயே வில்லைகளைப் பதித்துத் தரும் வகையில் இவற்றைப் பிறகு திருத்த முடியாது.

நெற்றி விளக்கிலும் கவனம் தேவை. ஆரஞ்சு வடிகட்டி இல்லாமல் எல்இடி விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தால், பல்லை அடைக்கப் பயன்படும், ஒளிபட்டு இறுகும் காம்போசிட், வடிவம் பெறும் முன்பே இறுகத் தொடங்கும்.

புதிய லூப்பை அணிந்த முதல் நாளே சிக்கலான சிகிச்சையில் இறங்கக் கூடாது. கையின் அசைவும் பெரிதாகத் தெரிவதால் தூரக் கணிப்பு தவறும். பரிசோதனை, பல் சுத்தம் போன்ற எளிய பணிகளில் சில வாரங்கள் பழகுவது நோயாளிக்கும் பாதுகாப்பு. ஊசியையோ சுழலும் கருவியையோ வாய்க்குள் கொண்டுசெல்லும்போது வில்லைக்கு வெளியே பார்க்க வேண்டும். உதடும் கன்னமும் அந்தக் குறுகிய பார்வைக்குள் வருவதில்லை.

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் லூப்பைத் துடைக்க வேண்டும். கிருமிநாசினியை நேரடியாகத் தெளிப்பதும் உலர்ந்த பஞ்சுத் துணியால் தேய்ப்பதும் வில்லையைக் கெடுக்கும்.

வேர்சிகிச்சையில் நுண்ணோக்கியின் இடம் தனியானது. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதி முதல் வேர்சிகிச்சை முதுநிலைப் படிப்புகளில் அதன் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மேல்தாடையின் முதலாவது கடைவாய்ப்பல்லில் எளிதில் தவறவிடப்படும், எம்பி2 எனப்படும் கூடுதல் வேர்க்கால்வாயைத் தேட அது பெரிதும் உதவுகிறது. ஆனால் சிகிச்சை முழுவதும் உச்ச உருப்பெருக்கத்திலேயே வேலை செய்வது சோர்வைத் தருவதோடு நேரத்தையும் விழுங்கும். நடுத்தர அளவில் வேலை செய்து, கால்வாயின் வாயையோ விரிசலையோ உறுதிசெய்யும்போது மட்டும் உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டும். சாதாரண வாய்க்கண்ணாடி நுண்ணோக்கியில் இரட்டைப் பிம்பம் காட்டும் என்பதால், முன்பரப்பிலேயே பூச்சுள்ள கண்ணாடியைப் பயன்படுத்த வேண்டும்.